பழைய காமிராக் கையேடுகளைக் காப்பது எப்படி?

தூத்துக்குடிக்கு வடக்கே தருவைகுளம் கரையில் நண்பகலில் நின்று பாருங்கள். மணலும் உப்பளமும் எறிகிற வெளிச்சத்தில் கண் கூசும். கண்ணுக்கே இப்படியென்றால் பிலிமுக்கு? ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருந்த இரட்டை லென்ஸ் யாஷிகாவில் ஒரு சுருளுக்கு 12 படங்கள்தாம். எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்பதைப் படம் எடுப்பவரே தீர்மானிக்க வேண்டும். 100 ஏ.எஸ்.ஏ. பிலிமுக்கு நல்ல வெயிலில் 1/125 விநாடி, துளை எண் 16, உப்பளத்தில் 22. இத்தகைய எண்களைக் கற்றுத்தந்தவை கையேடுகளே.

உப்புக்காற்றில் அவற்றின் கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளையும் அரித்துவிடுகிறது. தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கணிப்பொறியில் பதிவு செய்திருக்கிறது. அந்த அக்கறை கையேடுகளுக்கும் வேண்டும்.

ஸ்கேன் செய்துவிட்டால் போதாதா? ஆபத்தே அங்குதான் தொடங்குகிறது. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர் ஒரு வீட்டு வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தார். 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் 14.13 ஆகிவிட்டன! இடத்தை மிச்சப்படுத்த, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒரே வடிவமாகச் சேமிக்கும் முறையின் கோளாறு அது. மங்கிய எழுத்தாயிருந்தால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். படித்தால் தெளிவாகவே இருக்கும், எண்தான் தவறு.

தூசியை நீக்கி 'அழகுபடுத்தும்' முறை இன்னொரு வம்பு. கணிப்பொறிக்குத் தூசியும் தசமப் புள்ளியும் ஒன்றே. 3.5 மீட்டர் 35 ஆகும். புள்ளி போனால் என்னவாகும் என்று தமிழ் எழுதுகிறவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தாலும் நஷ்டம் உண்டு. சில நிக்கார் லென்ஸ்களில் ஒவ்வொரு துளை எண்ணுக்கும் ஒரு நிறம். தெளிவெல்லையைக் குறிக்கும் கோடுகளும் அதே நிறத்தில் இருக்கும். நிறம் போனால் கையேட்டின் விளக்கத்துக்குப் பொருளே இல்லை.

ஆகவே கம்பியை மெதுவாகக் கழற்றி, வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் பதிவு செய்யுங்கள்; பொடி எழுத்து அட்டவணைக்கு 600. அந்த மூலப் பதிவைத் தொடவே கூடாது. திருத்தமெல்லாம் வேறொரு நகலில் செய்யலாம்.

பிறகு எண்களைச் சோதிக்க வேண்டும். துளை எண்ணில் பிழை வந்தால் பிடிபட்டுவிடும். 16 என்பது 18 ஆனால் காமிராவில் அப்படி ஓர் எண்ணே இராது. பிளாஷ் அட்டவணைதான் ஏமாற்றும். அதற்கு ஒரு கணக்கு உண்டு: துளை எண்ணைத் தூரத்தால் பெருக்கினால் எல்லா வரிசையிலும் ஏறக்குறைய ஒரே விடை வரவேண்டும். 4-க்கு 7 மீட்டர், 5.6-க்கு 5, 8-க்கு 3.5 என்றால் எல்லாமே 28. மூன்றாவது வரியில் 8.5 என்று கண்டால் விடை 68. பிழை அங்கே இருக்கிறது. தெளிவெல்லை அட்டவணைக்கு இவ்வளவு எளிய கணக்கு இல்லை. ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் நகலைப் பார்த்துச் சரிபார்ப்பதே வழி.

கோப்பின் பெயரில் காமிராவின் முழுப் பெயரையும் எழுதிவையுங்கள். யாஷிகா மேட் 124 வேறு, 124 ஜி வேறு.