வாய்க்குள் கனலும் நெருப்பு

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் நெருப்பைப் பற்றி எவருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குள் பீடியும் தீப்பெட்டியும் நுழையக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஒரு பொறி போதும், ஓர் அறையே கருகிவிடும் என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர்.

ஆனால் பீடியை வாயிலில் விட்டுச் செல்லும் கை, புகையிலைப் பொட்டலத்தையும் விட்டுச் செல்கிறதா? கன்னத்தில் அதக்கிய புகையிலை புகைவதில்லை, பொறி சிந்துவதில்லை. ஆகவே அது தீங்கற்றது என்னும் எண்ணம் எளிதில் மனத்தில் குடியேறிவிடுகிறது. அது எவ்வளவு தவறு என்பதை நமது உமிழ்நீரே எடுத்துரைக்கும்.

உமிழ்நீர் கூறும் செய்தி

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நம் வாயில் உமிழ்நீர் சுரக்கிறது. உணவை இளக்குவதும் பற்களைக் காப்பதும் மட்டுமன்று, உடலின் நிலையை அறிவிப்பதும் அதன் பணியே. திசுக்கள் புண்படும்போது உடல் தற்காப்புக்காக எழுப்பும் எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு, பெயர் பொருத்தமானதே. அவ்வேளையில் உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற புரதங்களைச் சுரந்து ஒன்றுக்கொன்று அபாயச் செய்தி அனுப்புகின்றன. ஈறு நோயாளிகள், வாய்ப் புற்றுநோயாளிகள் ஆகியோரின் உமிழ்நீரில் இவை மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

புகைப்போரிடம் வேறொரு வஞ்சகமும் நிகழ்கிறது. நிகோட்டின் இரத்த நாளங்களைச் சுருக்குவதால் நோயுற்ற ஈறிலும் இரத்தம் கசிவது குறைகிறது. ஈறு நலமாக உள்ளதென்று அவர் நம்பியிருக்க, உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

மதுவோ, ஈரலைச் சென்றடையும் முன்பே வாயில் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வாயிலுள்ள கிருமிகள் அதனை அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகின்றன. புகையிலையும் மதுவும் ஒன்றுசேரும்போது வாய்ப் புற்றுநோய் அபாயம் கூடுவதில்லை, பெருகுகிறது.

மது ஹராம் என்பதில் நம்மிடையே இரு கருத்தில்லை. எனினும், ‘நம் வீட்டில் எவருமில்லை’ என்று கண்களை மூடிக்கொள்வது நம் பிள்ளைகளைக் காக்காது. திருமண வீடுகளில் தாராளமாக வழங்கப்படும் பாக்கும் குற்றமற்றதன்று. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு அறிவித்தது. நம் பாட்டிமாரின் வெற்றிலைப் பெட்டியும் இந்த எச்சரிக்கைக்கு உட்பட்டதே.

செய்ய வேண்டியது யாது?

உமிழ்நீர்ச் சோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தின் கருவியாகவே உள்ளது. நோயை உறுதிசெய்ய மருத்துவர் நேரில் பார்ப்பதே வழி. ஆனால் கண்ணாடி எல்லார் வீட்டிலும் உண்டு. நாள்தோறும் ஐவேளை ஒளூச் செய்து வாய் கொப்பளிக்கும் நாம், மாதம் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தால் என்ன? மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதும் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதியாது மருத்துவரை நாட வேண்டும். மாவட்டத் தலைநகரான விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகிறது. பழக்கத்தை விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

‘விட முடியவில்லையே’ என்று வருந்தும் சகோதரர்களுக்கு ஒரு சொல். ரமலானில் நாள்தோறும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் புகையிலையைத் தொடாமல் இருந்தவர் தாங்கள்தாமே? இஃப்தாருக்குப் பின்னும் அந்தக் கட்டுப்பாட்டை நீட்டிக்க அம்மாதமே நல்ல தருணம். ஆலை வாயிலில் நெருப்பைத் தடுத்து நிறுத்தும் நாம், நம் வாயின் வாசலிலும் அதனைத் தடுத்து நிறுத்துவோமாக!