குழந்தைக்குத் திருமுழுக்கு: வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு பதிவு - கத்தோலிக்கப் பெற்றோர் அறிய வேண்டியவை என்னென்ன?

புது தில்லி: கத்தோலிக்கக் குடும்பத்தில் குழந்தை பிறந்ததும் வெண்ணாடை, விருந்து, உறவினர் வருகை ஆகியவை பற்றிய பேச்சு தொடங்கிவிடும். இவை அனைத்தும் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால், திருமுழுக்கு நிறைவேறியதும் பங்கு அலுவலகப் பதிவேட்டில் எழுதப்படும் சில வரிகள், அக்குழந்தை வளர்ந்து திருமணம் செய்துகொள்ளும்போதும் தேடி எடுக்கப்படும். சில வேளைகளில் நீதிமன்றம் வரை செல்வதும் உண்டு.

‘ஞானஸ்நானம்’ எனப் பரவலாக அறியப்படும் திருமுழுக்கு, கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு அருளடையாளங்களில் முதலாவதாகும். பிறப்புநிலைப் பாவத்திலிருந்து விடுவித்து ஒருவரைத் திருச்சபையின் உறுப்பினராக்குவது என அது விளக்கப்படுகிறது. இதைப் பெறாமல் பிற அருளடையாளங்கள் எதையும் பெற இயலாது. முறையாக ஒருமுறை அளிக்கப்பட்டால் மீண்டும் அளிக்கப்படுவதில்லை. எனவேதான், யாருடைய சம்மதத்துடன், எந்தத் திருச்சபையில், யாரை ஞானப்பெற்றோராகக் கொண்டு என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது அவசியமாகிறது.

எப்போது, எங்கே?

லத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றுவோருக்கான 1983-ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்கு பெறச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. குழந்தை பிறந்ததும், ஏன், பிறப்பதற்கு முன்பேகூட, பங்குத்தந்தையை அணுகலாம். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் இதற்கெனத் தயாரிக்கப்பட வேண்டும் என்பதும் விதியாகும். பல பங்குகளில் நடத்தப்படும் தயாரிப்பு வகுப்புகளின் அடிப்படை இதுவே.

ஞாயிற்றுக்கிழமையிலோ பாஸ்கா திருவிழிப்பின்போதோ திருமுழுக்கு அளிப்பது பரிந்துரைக்கப்படுகிறது. பெற்றோரின் சொந்தப் பங்கு ஆலயமே வழக்கமான இடமாகும். அவசரத் தேவை இருந்தாலன்றி, வீடுகளில் திருமுழுக்கு அளிக்க அனுமதி இல்லை.

மும்பை, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களில் வசிக்கும் கோவா, மங்களூரு, கேரளக் குடும்பங்கள் பல சொந்த ஊருக்குச் சென்று இச்சடங்கை நடத்த விரும்புகின்றன. தக்க காரணம் இருந்தால் இதற்கு இடமுண்டு. ஆனால், தற்போது வசிக்கும் பங்கின் பங்குத்தந்தையிடமிருந்து கடிதம் பெற்றுச் செல்ல வேண்டியிருக்கும். திருமுழுக்கு எங்கே நடைபெறுகிறதோ அந்த ஆலயத்தின் பதிவேட்டில்தான் விவரம் எழுதப்படும் என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் சான்றிதழுக்கு அந்த ஆலயத்தையே நாட வேண்டும்.

யாருடைய சம்மதம் தேவை?

பெற்றோர் இருவருமோ, அவர்களில் ஒருவராவதோ, அல்லது அவர்களின் இடத்தில் சட்டப்படி இருப்பவரோ சம்மதிக்க வேண்டும். குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்பதற்கு நியாயமான எதிர்பார்ப்பும் இருக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்பு அறவே இல்லாதபோது, காரணத்தைப் பெற்றோரிடம் விளக்கி, திருமுழுக்கைத் தள்ளிவைக்குமாறு சட்டம் கூறுகிறது. இங்கு ‘மறுப்பு’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘தள்ளிவைத்தல்’ என்ற சொல்லே இடம்பெற்றுள்ளது.

பெற்றோரில் ஒருவர் பிற மதத்தவராக இருந்தாலும் தடையில்லை. அத்தகைய திருமணத்துக்குத் திருச்சபையின் அனுமதி கோரும் கத்தோலிக்கத் துணைவர், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்து கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்வதாக உறுதி அளிக்க வேண்டும். இந்த உறுதிமொழி மற்றவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். எனவே, குழந்தை பிறந்த பிறகு எழக்கூடிய கேள்வியைத் திருமணத்துக்கு முன்பே இருவரும் மனம்விட்டுப் பேசிவிடுவது நல்லது.

பெற்றோரின் திருமணம் ஆலயத்தில் நடைபெறவில்லை என்பதால் மட்டும் குழந்தைக்குத் திருமுழுக்கு மறுக்கப்பட வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் போப் பிரான்சிஸ் திருமுழுக்கு அளித்த குழந்தைகளில், பதிவுத் திருமணம் மட்டுமே செய்திருந்த தம்பதியரின் குழந்தையும் ஒன்று. மணமாகாத தாயின் குழந்தைக்கும் கதவு திறந்தே உள்ளது. உரிய சான்று இருந்தால் மட்டுமே தந்தையின் பெயர் பதிவேட்டில் இடம்பெறும்.

இதற்கு இணையான நிலைப்பாட்டை இந்திய நீதித்துறையும் எடுத்துள்ளது. மணமாகாத கிறிஸ்தவத் தாய் ஒருவர் தொடர்ந்த வழக்கில், தந்தையின் பெயரை வெளியிடுமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2015-ஆம் ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனித்து வாழும் தாய் விண்ணப்பித்தால், உறுதிமொழிப் பத்திரத்தின் அடிப்படையில் பிறப்புச் சான்றிதழ் வழங்கவும் அது உத்தரவிட்டது.

ஞானப்பெற்றோர் யார்?

ஒரு ஞானத்தந்தை, அல்லது ஒரு ஞானத்தாய், அல்லது இருவருமாக அமையலாம். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவரை நியமிக்கச் சட்டத்தில் இடமில்லை. பொதுவாக 16 வயது நிறைந்தவராகவும், நற்கருணையும் உறுதிபூசுதலும் பெற்ற கத்தோலிக்கராகவும், நம்பிக்கைக்கு ஏற்ப வாழ்பவராகவும் இருக்க வேண்டும். குழந்தையின் தாயோ தந்தையோ இப்பொறுப்பை ஏற்க முடியாது.

நெருங்கிய நண்பர் வேறொரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவராக இருந்தால், கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவருடன் சேர்ந்து சாட்சியாக நிற்கலாம். பிற மதத்தைச் சேர்ந்த உறவினர்கள் விழாவில் பங்கேற்கத் தடையில்லை. ஆனால் ஞானப்பெற்றோராக முடியாது. கடைசி நேர மனக்கசப்பைத் தவிர்க்க, யாரிடமும் வாக்கு அளிப்பதற்கு முன் பங்குத்தந்தையைக் கலந்தாலோசிப்பது சிறந்தது.

மூன்று திருச்சபைகள்

இந்தியாவில் லத்தீன், சீரோ-மலபார், சீரோ-மலங்கரா என மூன்று கத்தோலிக்கத் திருச்சபைகள் உள்ளன. மூன்றுமே போப்பின் தலைமையை ஏற்பவை. எனினும், பின்னிரண்டும் 1990-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கீழைத் திருச்சபைகளுக்கான தனிச் சட்டத் தொகுப்பின் கீழ் இயங்குகின்றன.

தாயும் தந்தையும் வெவ்வேறு திருச்சபையினராக இருந்தால், பொதுவாகக் குழந்தை தந்தையின் திருச்சபையைச் சேரும். இருவரும் ஒருமனதாக விரும்பினால் தாயின் திருச்சபையைத் தேர்ந்தெடுக்கலாம். பெற்றோரில் ஒருவர் மட்டுமே கத்தோலிக்கர் எனில், அவரது திருச்சபையையே குழந்தை சேரும். வசதி கருதி அருகிலுள்ள லத்தீன் ஆலயத்தில் திருமுழுக்கு நடைபெற்றாலும், அதனால் மட்டுமே சீரோ-மலபார் குழந்தை லத்தீன் திருச்சபையின் உறுப்பினராகிவிடுவதில்லை. எனவே, எத்திருச்சபையைச் சேர்ந்தது என்பது பதிவேட்டில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா என்பதைப் பெற்றோர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நடைமுறையிலும் வேறுபாடுகள் உண்டு. லத்தீன் முறையில் உறுதிபூசுதல் பல ஆண்டுகளுக்குப் பின் வழங்கப்படுகிறது. கீழை முறையில் திருமுழுக்குடன் சேர்த்தே வழங்கப்படுகிறது. மேலும், கீழைச் சட்டப்படி ஞானப்பெற்றோருக்கும் திருமுழுக்கு பெறுபவர், அவருடைய பெற்றோர் ஆகியோருக்கும் இடையே ஆன்மிக உறவு உண்டாகிறது. அவர்களுக்கு இடையேயான திருமணத்துக்கு அது தடையாகும். லத்தீன் சட்டத்தில் 1983-க்குப் பின் இத்தடை இல்லை.

மாற்றக்கூடாத சொற்கள்

ஆயர், குரு அல்லது திருத்தொண்டர் திருமுழுக்கு அளிக்கலாம். எண்ணெய் பூசுதல், வெண்ணாடை அணிவித்தல், பாஸ்கா திரியிலிருந்து விளக்கேற்றுதல் ஆகியன சடங்கில் இடம்பெற்றாலும், அதன் மையம் தண்ணீரும் தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் சொல்லப்படும் வாக்கியமுமே ஆகும்.

அந்த வாக்கியத்தில் ‘நான்’ என்பதற்குப் பதிலாக ‘நாங்கள்’ என்று கூறினால் திருமுழுக்கு செல்லாது என 2020 ஆகஸ்டில் வாடிகன் அறிவித்தது. அதன் பின்னர், அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஒருவர், தமது திருமுழுக்கின் பழைய வீடியோ பதிவில் ‘நாங்கள்’ என்று கூறப்பட்டிருப்பதைக் கண்டறிந்தார். அவர் புதிதாகத் திருமுழுக்கு பெற்று, மீண்டும் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட வேண்டியதாயிற்று.

உயிருக்கு ஆபத்து நேர்ந்தால்

பிறந்த குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது குருவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. திருச்சபையின் நோக்கத்தை ஏற்று, தண்ணீர் ஊற்றி உரிய சொற்களைக் கூறினால், செவிலியர் உள்பட யார் வேண்டுமானாலும் திருமுழுக்கு அளிக்கலாம். அவர் கிறிஸ்தவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. பின்னர் பங்குத்தந்தைக்குத் தகவல் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். குழந்தை நலம் பெற்றால், எஞ்சிய சடங்குகள் மட்டும் ஆலயத்தில் நிறைவேற்றப்படும்.

திருமுழுக்கு பெறாமலேயே குழந்தை இறந்துவிட்டால்? பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்த நிலையில், ஆயரின் அனுமதியுடன் ஆலய முறைப்படி அடக்கம் செய்யலாம். அத்தகைய குழந்தைகளின் மீட்பில் நம்பிக்கை கொள்ளக் காரணம் உண்டு என்று 2007-ஆம் ஆண்டில் வாடிகனின் சர்வதேச இறையியல் ஆணையம் தெரிவித்தது.

பதிவேடும் அரசுச் சான்றும்

திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்கு அளித்தவர் ஆகியோரின் பெயர்களும் இடமும் நாளும் எழுதப்படுகின்றன. உறுதிபூசுதல், திருமணம் போன்றவையும் பின்னாளில் அதே பதிவில் சேர்க்கப்படுகின்றன. திருமணத்துக்கு முன் புதிய சான்றிதழ் கேட்கப்படுவது இதனால்தான்.

ஆனால், இது அரசின் பிறப்புச் சான்றிதழுக்கு மாற்றாகாது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அந்நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி நியமனம் உள்ளிட்டவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரமாகும். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இரு ஆவணங்களிலும் பெயர், தேதி ஆகியவை ஒரே விதமாக இருந்தால் பிற்காலச் சிக்கல்கள் குறையும்.

திருமுழுக்குப் பதிவு சமூக உரிமை தொடர்பான வழக்குகளிலும் ஆதாரமாகிறது. 1950-ஆம் ஆண்டின் பட்டியலினத்தவர் ஆணையின்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியலினத்தவராகக் கருதப்படுவர். கைக்குழந்தையாக இருந்தபோது திருமுழுக்கு பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர், தாம் இந்து மதத்தைப் பின்பற்றுவதாகக் கூறி பட்டியலினச் சான்றிதழ் கோரிய மனுவை 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் நிராகரித்தது. திருமுழுக்குடன், அவர் தொடர்ந்து ஆலயத்துக்குச் சென்று வந்ததையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது.

முன்னேற்பாடுகள்

பங்கு அலுவலகத்தில் வழக்கமாகக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், ஞானப்பெற்றோர் வேறு பங்கினராயின் அவர்களது பங்குத்தந்தையின் கடிதம் ஆகியவை கேட்கப்படும். பெயர் கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இருக்கக்கூடாது என்பதே விதி. புனிதரின் பெயரைத்தான் சூட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காணிக்கை வழங்கும் வழக்கம் உண்டு. ஆனால், வறுமையின் காரணமாக எவருக்கும் அருளடையாளம் கிடைக்காமல் போகக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

விழா முடிந்து ஆலயத்தை விட்டுப் புறப்படும் முன், பதிவேட்டில் எழுதப்பட்ட விவரங்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். பல ஆண்டுகளுக்குப் பின், வேறொரு நகரில், அக்குழந்தை தன் திருமணத்துக்காகச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது அந்தச் சில நிமிடங்களின் அருமை புரியும்.