மண் வேண்டாத மலர்ச்செடி

பழைய மாமரக் கிளைகளைச் சற்று அண்ணாந்து பாருங்கள். வார் போன்ற தடித்த இலைகளையுடைய செடியொன்று கிளையைப் பற்றிக்கொண்டு நிற்பதைச் சில இடங்களில் காணலாம். அது வாண்டா டெசலேட்டா என்னும் ஆர்க்கிட். இந்தியாவிலும் இலங்கையிலும் இது இயற்கையாக வளர்கிறது. மஞ்சள் கலந்த பழுப்பு இதழ்களில் கட்டம் கட்டமாகக் கோடுகள் ஓடும். உதடு போன்ற நடு இதழ் நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கும். நறுமணமும் உண்டு. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-இல் இதனை விவரித்தார்.

ஒட்டுண்ணியா?

இச்செடி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. புல்லுருவியின் வேர் மரத்தினுள்ளே புகுந்து நீரைக் கவர்கிறது. ஆர்க்கிட்டின் வேரோ பட்டையின்மேல் படர்வதோடு நின்றுவிடுகிறது. அது மரத்திடம் பெறுவது இடம் மட்டுமே. எனவே இது தொற்றுத் தாவரம்; ஒட்டுண்ணி அன்று.

வேரின் விந்தை

அப்படியாயின் நீர் எங்கிருந்து கிடைக்கிறது? வேரைச் சுற்றி வெலாமன் என்னும் உறை உண்டு. உயிரற்ற செல்களாலான இவ்வுறை, மழைநீரையும் அதில் கரைந்துள்ள உப்புகளையும் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்கிறது. உலர்ந்திருக்கும்போது அச்செல்களில் காற்று நிறைவதால் வேர் வெள்ளிபோல் வெளுத்துத் தோன்றும். நனைந்ததும் உறை ஒளி ஊடுருவக்கூடியதாகி, உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். நீர் ஊற்றவேண்டிய நேரத்தை வேரே நமக்குச் சொல்லிவிடுகிறது!

வீட்டில் வளர்க்க

தொட்டியில் மண் நிரப்பி இதை நடுவதே தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. ஈரமண்ணில் காற்றோட்டமின்றி வேர்கள் அழுகிவிடும். மரச்சட்டக் கூடையிலோ பல துளைகளுள்ள மண்தொட்டியிலோ கரித்துண்டுகளையும் ஓட்டுச்சில்லுகளையும் இட்டுச் செடியைக் கட்டி வையுங்கள். காலை வெயில் படும் இடம் ஏற்றது. வேர் வெளுத்த பின்னரே, காலையில் நன்றாக நனையும்படி நீர் தெளியுங்கள். இலை இடுக்கில் நீர் தேங்கலாகாது. உரத்தை மிகவும் நீர்க்கக் கலந்தே இடவேண்டும். இலை கரும்பச்சையாயின் வெளிச்சம் போதவில்லை; மஞ்சளித்துச் சிவந்தால் வெயில் மிகுதி.

காட்டிலிருந்து வேண்டாம்

மரத்திலிருக்கும் செடியைப் பிய்த்துக் கொண்டுவராதீர்கள். பிய்க்கும்போது வேர்கள் முறிந்துவிடும். அந்த இடத்தில் மற்றொரு செடி எளிதில் முளைத்துவிடாது. தூசி போன்ற இதன் விதையில் சேமித்த உணவு இல்லை. இயற்கையில் ஏற்ற பூஞ்சை துணைசெய்தால்தான் அது முளைக்கும். சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். அவ்வழியில் வளர்த்த கன்றுகளை நாற்றுப் பண்ணைகளில் கேட்டு வாங்குங்கள்.

பூவுக்குப் பொறுத்திருக்க வேண்டும். வெளுத்த வேரொன்றின் நுனி பசுமையாக நீளத் தொடங்கினால், உங்கள் வீட்டை அச்செடி ஏற்றுக்கொண்டது என்று அறியலாம்.