வட மாசிடோனியாவில் அந்நிய நேரடி முதலீடு: ஏற்றுமதி வளர்ச்சியும் உள்நாட்டுப் பயனும்

ஆய்வுச் சுருக்கம்

ஐரோப்பாவின் சிறிய வளரும் பொருளாதாரங்களுள் ஒன்றான வட மாசிடோனியா, 2007 முதல் வரிச்சலுகைகளின் வழியே அந்நிய நேரடி முதலீட்டை ஈர்த்து வருகிறது. அம்முதலீடு ஏற்றுமதியின் தன்மையை மாற்றியதையும், அதன் பயன் உள்நாட்டில் எவ்வளவு தங்குகிறது என்பதை அளக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அந்நிய நேரடி முதலீடு, வட மாசிடோனியா, வரிச்சலுகை, மதிப்புக் கூட்டல், புலம்பெயர்வு.

முன்னுரை

ஒரு நாட்டைச் சேர்ந்த முதலீட்டாளர் பிறநாட்டு நிறுவனம் ஒன்றில் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட வாக்குரிமையைப் பெறுவது அந்நிய நேரடி முதலீடு எனப்படும். பங்கு மூலதனம், மறுமுதலீடு செய்யப்பட்ட இலாபம், தாய் நிறுவனம் கிளைக்கு அளிக்கும் கடன் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஆகவே, முதலீட்டுத் தொகை உயர்ந்தது என்பதனாலேயே புதிய ஆலை எழுந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

தனியார்மயமாக்கல் கட்டம்

1991இல் விடுதலை பெற்ற இந்நாடு கடற்கரை அற்றது. 1994-95இல் கிரேக்கம் விதித்த வணிகத் தடையும், 2001இல் நிகழ்ந்த உள்நாட்டு ஆயுத மோதலும் முதலீட்டாளரைத் தயங்கச் செய்தன. தொடக்கத்தில் வந்த பெருந்தொகைகள் சில, அரசு நிறுவனங்களின் விற்பனையால் வந்தவை. 2001இல் தொலைத்தொடர்பு நிறுவனம் அங்கேரியின் மாதாவ் நிறுவனத்திற்கும், 2006இல் மின் வழங்கல் நிறுவனம் ஆஸ்திரியாவின் இ.வி.என். நிறுவனத்திற்கும் விற்கப்பட்டன. இவை உடைமையை மாற்றினவே அன்றி, புதிய ஏற்றுமதித் தொழிலை உருவாக்கவில்லை.

வரிச்சலுகைக் கட்டம்

நிறுவன வருமான வரி 2007இல் 12 விழுக்காடாகவும் 2008இல் 10 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது. தொழில்நுட்பத் தொழில் வளர்ச்சி மண்டலங்களில் ஆலை அமைப்போர்க்கு 10 ஆண்டுகள் வரையில் நிறுவன வருமான வரி விலக்கு அளிக்கப்பட்டது. தலைநகர் ஸ்கோப்ஜேயின் அருகே ஜான்சன் மேத்தி நிறுவனம் வாகனப் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிகளைத் தயாரிக்கிறது. கவதார்ச்சியில் ட்ராக்சல்மையர், பிட்டோலாவில் க்ரோம்பெர்க் - ஷூபெர்ட் ஆகிய ஜெர்மானிய நிறுவனங்கள் வாகன மின்கம்பித் தொகுதிகளைத் தயாரிக்கின்றன. துணி, உலோகம் ஆகியவற்றைப் பெரிதும் நம்பியிருந்த ஏற்றுமதியில் வாகன உதிரிபாகங்கள் முதன்மை பெற்றன. ஜெர்மனி முதன்மைச் சந்தையாயிற்று.

ஏற்றுமதியும் மதிப்புக் கூட்டலும்

வினையூக்கித் தயாரிப்பிற்குப் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலைமிக்க உலோகங்கள் இன்றியமையாதவை. இவை இறக்குமதி செய்யப்படுகின்றன. புரிதலுக்காக ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்ளலாம். 100 யூரோ மதிப்புள்ள பொருளில் 85 யூரோ இறக்குமதி மூலப்பொருள் எனில், உள்நாட்டில் கூடிய மதிப்பு 15 யூரோ மட்டுமே. அதிலும் இலாபப் பகுதி உரிமையாளருக்குரியது. அதன்மீதான வரியோ விலக்கப்பட்டுள்ளது. எஞ்சுவன ஊதியமும், உள்ளூரில் வாங்கும் பொருள்களுக்கும் பணிகளுக்குமான செலவுமே. உலோக விலை ஏறினால், உற்பத்தி கூடாமலேயே ஏற்றுமதி மதிப்பு உயர்ந்து தோன்றும். மின்கம்பித் தொகுதித் தொழிலோ மிகுதியும் கைவேலையைச் சார்ந்தது, வேலைவாய்ப்பைப் பெருக்குகிறது. ஆயினும், குறைந்த ஊதியமே அதன் ஈர்ப்பாக இருப்பதால், ஊதியம் உயரும்போது ஆலை வேறிடம் நாடும் வாய்ப்பும் உண்டு.

புலம்பெயர்வு என்னும் வரம்பு

2021 கணக்கெடுப்பின்படி நாட்டில் வசிப்போர் ஏறத்தாழ 18.4 இலட்சம், 2002இல் இத்தொகை 20 இலட்சத்திற்கும் மேல். உதிரிபாகங்கள் செல்லும் ஜெர்மனிக்கே தொழிலாளரும் செல்கின்றனர். குறைந்த ஊதியம் முதலீட்டை அழைக்கிறது. அதே ஊதியம் இளைஞரை வெளியேற்றுகிறது. இம்முரணே இக்கொள்கையின் மையச் சிக்கலாகும். 2018இல் இயற்றப்பட்ட முதலீட்டு நிதியுதவிச் சட்டம், அந்நிய நிறுவனங்களுடன் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் உதவியை விரித்தமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

வட மாசிடோனியாவில் அந்நிய நேரடி முதலீடு வேலைவாய்ப்பையும் புதிய ஏற்றுமதியையும் தந்துள்ளது என்பது உண்மை. ஆயினும், அதன் வெற்றியை ஏற்றுமதித் தொகையால் மட்டும் அளவிடுதல் தவறான முடிவிற்கு இட்டுச்செல்லும். கைவிடப்பட்ட வரி வருவாய்க்கு ஈடாக ஊதியம், உள்ளூர்க் கொள்முதல், தொழில்திறன் ஆகியவை எவ்வளவு வளர்ந்தன என்பதே உரிய அளவுகோல். சலுகைக்காலம் முடிந்த பின்னும் ஆலையும் தொழிலாளரும் அங்கேயே நிலைத்திருப்பரெனில், அம்முதலீடு வேரூன்றியது எனலாம்.