கட்டுச்சோறா, சத்திரத்துச் சோறா?

(கணிப்பொறிப் பிரிவு மாணவியர், மேல்நிலை இரண்டாம் ஆண்டு)

வெளியூர்ப் பயணம் என்றதும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழும். புளியோதரை கட்டிக்கொண்டு போவதா, போகிற இடத்தில் சாப்பிட்டுக்கொள்வதா? கட்டிக்கொண்டு போனால் சுமை. ஆனால் பசிக்குக் கவலையில்லை. வெறுங்கையுடன் போனால் நடை எளிது. ஆனால் சத்திரம் பூட்டியிருந்தால் பட்டினிதான். கணிப்பொறி நிரல் எழுதுவோருக்கும் இதே கேள்வி நாள்தோறும் எழுகிறது என்றால் நம்புவீர்களா? நாங்களும் முதலில் நம்பவில்லை. சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சிதான் எங்களுக்கு அதைக் கற்றுத் தந்தது.

கண்காட்சிக்காக நாங்கள் சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு வினாடி வினா நிரல் எழுதியிருந்தோம். கணிப்பொறி அறையில் அது அழகாக ஓடியது. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அரங்கில் இருந்த கணிப்பொறியில் போட்டபோது நிரல் திறக்கவே இல்லை. ‘லிப்-எஸ்டிடி-சி பிளஸ் பிளஸ்-6 என்னும் டி.எல்.எல். கோப்பு காணப்படவில்லை’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. பெற்றோர் வரிசையில் காத்திருந்தார்கள். ஒரு தாயார், “பரவாயில்லை கண்ணு, நான் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன்” என்று சொல்லி நகர்ந்தார். அருகில் நின்ற சிஸ்டர், “தவறு உங்கள் நிரலிலா, இந்தக் கணிப்பொறியிலா?” என்று கேட்டார்கள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அன்று சொல்லத் தெரியாத பதிலே இக்கட்டுரை.

நூலகம் என்பது யாது?

எந்த நிரலையும் யாரும் முதலிலிருந்து கடைசி வரை தாமே எழுதுவதில்லை. திரையில் எழுத்தைக் காட்டுதல், வர்க்கமூலம் காணுதல், கோப்பைத் திறத்தல் போன்ற பொதுவான வேலைகளுக்கு முன்பே எழுதிச் சோதித்து வைத்த துணைநிரல்கள் உள்ளன. அவற்றின் தொகுப்பே நூலகம் எனப்படும்.

இந்த எண்ணம் இன்று நேற்று தோன்றியதன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் கணிப்பொறிக்கு, துளையிட்ட காகித நாடாக்களில் துணைநிரல்களை எழுதி ஓர் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தனர். 1951-இல் அவற்றின் எண்ணிக்கை 87. வேண்டிய நாடாவை எடுத்து, அதிலுள்ள துளைகளைத் தம் நிரலின் நாடாவில் படியெடுத்துச் சேர்த்துக்கொள்வர். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இதை விளக்கி அதே ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டனர்.

அமெரிக்காவிலோ, கடற்படையில் பணியாற்றிய கணித மேதை கிரேஸ் ஹாப்பர் அம்மையார், நிரலர்கள் துணைநிரல்களைக் குறிப்பேட்டிலிருந்து கையால் பார்த்து எழுதும்போது அடிக்கடி பிழை செய்வதைக் கவனித்தார். பாடற்குழுவில் ஒருத்தியின் நோட்டைப் பார்த்து மற்றொருத்தி பாடலை எழுதும்போது அடிகள் மாறிப்போவதை நாம் அறிவோம் அல்லவா? ‘இந்தப் படியெடுக்கும் வேலையை இயந்திரமே செய்யட்டுமே’ என்று எண்ணிய அம்மையார், 1952-இல் யூனிவாக் கணிப்பொறிக்காக ஏ-0 என்னும் அமைப்பை உருவாக்கினார். துணைநிரலின் எண்ணைக் கொடுத்தால் போதும். அதை நாடாவிலிருந்து தேடி எடுத்து இணைப்பது இயந்திரத்தின் வேலை. இன்று ‘லிங்க்கர்’ என்றும் இணைப்பி என்றும் நாம் அழைக்கும் கருவிக்கு இதுவே முன்னோடி எனலாம்.

இருவகை இணைப்பு

நாம் எழுதும் நிரல் இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட பின்னும், அதில் சில வெற்றிடங்கள் இருக்கும். ‘இங்கே வர்க்கமூலம் காணும் துணைநிரலை அழை’ என்று பெயர் இருக்கும். அது இருக்கும் முகவரி இராது. அந்த வெற்றிடங்களை நிரப்புவதே இணைப்பு. அதை எப்போது நிரப்புவது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

முதலாவது, நிலை இணைப்பு. ஆங்கிலத்தில் ஸ்டாட்டிக் என்பர். நிரலை உருவாக்கும்போதே இணைப்பி நூலகத்தைத் திறந்து, தேவையான துணைநிரல்களை மட்டும் படியெடுத்து நம் நிரலுக்குள்ளேயே வைத்துவிடும். இது கட்டுச்சோறு.

இரண்டாவது, இயங்குநிலை இணைப்பு. இதை டைனமிக் என்பர். இங்கே நிரலுக்குள் நூலகத்தின் பெயரும், வேண்டிய துணைநிரல்களின் பெயரும் மட்டுமே எழுதப்படும். நிரல் ஓடத் தொடங்கும் தருணத்தில், அந்தக் கணிப்பொறியில் உள்ள நூலகத்தைத் தேடிப் பிடித்து முகவரிகள் நிரப்பப்படும். இது சத்திரத்துச் சோறு. 1960-களில் உருவான மல்டிக்ஸ் அமைப்பிலேயே இம்முறை இருந்தது. யூனிக்ஸ் வழிவந்த சன் ஓ.எஸ். 1988-இல் இதனை ஏற்றது. விண்டோஸ் கணிப்பொறிகளில் இத்தகைய நூலகங்களுக்கு டி.எல்.எல். என்று பெயர்.

எங்கள் நிரலுக்கு நேர்ந்தது இப்போது விளங்கியிருக்கும். கணிப்பொறி அறையில் சி பிளஸ் பிளஸ் மொழிக்கான கருவிகளுடன் அந்த நூலகமும் இருந்தது. அரங்கத்துக் கணிப்பொறியில் அது இல்லை. சத்திரம் இல்லாத ஊருக்கு வெறுங்கையுடன் போய் நின்றோம்!

சுமையும் சிக்கனமும்

அப்படியானால் எப்போதும் கட்டுச்சோறே கொண்டு போகலாமே என்று தோன்றும். முதலில் சுமையைப் பார்ப்போம். லினக்ஸ் கணிப்பொறியில், திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டும் சிறு சி நிரல் இயங்குநிலை இணைப்பில் ஏறத்தாழ 16 கிலோபைட் அளவே இருக்கும். அதையே வழக்கமான நூலகத்துடன் நிலை இணைப்புச் செய்தால் 700 கிலோபைட்டைத் தாண்டிவிடும். மேலும், நூறு நிரல்கள் ஒரே பொது நூலகத்தைப் பயன்படுத்தினால், அதன் கட்டளைகளுக்கு நினைவகத்தில் ஒரு படி போதும். நிலை இணைப்பிலோ ஒவ்வொரு நிரலும் தனித்தனிப் படியைச் சுமக்க வேண்டும். ஆயினும் நினைவகம் மலிந்துவிட்ட இக்காலத்தில் இது மட்டும் பெரிய காரணம் ஆகாது. 2009-இல் அறிமுகமான கோ மொழி பெரும்பாலும் நிலை இணைப்பையே இயல்பாகக் கொண்டுள்ளது.

பிழை திருத்துவது யார்?

சுமையை விடப் பெரிய கேள்வி இதுவே. நூலகத்தில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வது?

கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் இசட்லிப் என்னும் நூலகத்தில் 2002-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு பாதுகாப்புக் குறை வெளியாயிற்று. பொது நூலகத்தைப் பயன்படுத்திய நிரல்களுக்கு அந்த ஒரு நூலகத்தை மாற்றி, நிரல்களை மீண்டும் தொடங்கினால் போதுமாக இருந்தது. ஆனால் எத்தனையோ நிரல்கள் இசட்லிப்பைத் தமக்குள்ளேயே படியெடுத்து வைத்திருந்தன. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற குறை வெளிப்பட்டபோதும் இதே பாடம் கிடைத்தது. கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்று பெரியோர் கேட்பது இதைத்தான் போலும். கட்டியபோது நன்றாக இருந்தது நாள்பட்டால் கெடும். கெட்டதைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

சத்திரத்திலும் ஆபத்து உண்டு

மறுபக்கத்தையும் சொல்லத்தானே வேண்டும்? 1990-களில் விண்டோஸ் கணிப்பொறிகளில் ஒரு புதிய நிரலை நிறுவும்போது, அது தன்னுடன் கொண்டுவந்த பழைய டி.எல்.எல். கோப்பைப் பொது இடத்தில் எழுதிவிடும். அதுவரை ஒழுங்காக ஓடிய வேறொரு நிரல் மறுநாள் நின்றுவிடும். இத்துன்பத்துக்கு ‘டி.எல்.எல். நரகம்’ என்றே நிரலர்கள் பெயர் வைத்தனர்.

2010-ஆம் ஆண்டு நிகழ்ந்தது இன்னும் சுவையானது. ஃபெடோரா 14 என்னும் லினக்ஸ் வெளியீட்டில், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் படியெடுக்கும் ‘மெம்காப்பி’ என்ற துணைநிரலை விரைவுபடுத்தியிருந்தார்கள். மூல இடமும் சேரும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியலாகாது என்பது அதன் விதி. அந்நாளில் வழக்கிலிருந்த ஃபிளாஷ் என்னும் மென்பொருள் அவ்விதியை மீறியிருந்தும், பழைய நூலகத்தில் அது வெளியே தெரியாமல் இருந்தது. நூலகம் மாறியதும் ஒலி கரகரத்துச் சிதைந்தது. நூலகத்தார் விதிப்படியே நடந்தனர். ஆயினும் கேட்பவர் காதில் விழுந்தது சிதைந்த ஒலிதான். பின்னர் அந்நூலகத்தின் 2.14-ஆம் பதிப்பில், பழைய நிரல்களுக்குப் பழைய நடத்தையும் புதிய நிரல்களுக்குப் புதிய நடத்தையும் கிடைக்குமாறு ஒரே பெயருக்கு இரு பதிப்புகளை வைத்தார்கள். சத்திரத்துச் சமையற்காரர் பழைய விருந்தாளிகளின் நாக்கையும் நினைவில் வைக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நாங்கள் கற்றதைச் சில கேள்விகளாகத் தருகிறோம்.

நிரல் போய்ச் சேரும் கணிப்பொறியை நாம் அறிவோமா? அறியாத இடத்துக்குப் போகும் சிறு நிரலுக்கு நிலை இணைப்பு நன்று. பலருக்கும் பொதுவான நூலகமா, பாதுகாப்பு தொடர்பானதா? அப்படியானால் இயங்குநிலை இணைப்பே பெரும்பாலும் நன்று. பராமரிப்போர் ஒரே இடத்தில் திருத்திவிடுவர். நிலை இணைப்பைத் தேர்ந்தால், நூலகம் திருந்தும் போதெல்லாம் மறுபடி உருவாக்கித் தரும் பொறுப்பை நாம் ஏற்போமா? நூலகத்தின் உரிமம் என்ன சொல்கிறது? எல்.ஜி.பி.எல். போன்ற உரிமங்கள், நிலை இணைப்புச் செய்து வெளியிட்டால், பயனர் நூலகத்தை மாற்றி மறுபடி இணைத்துக்கொள்ள வழிசெய்து தர வேண்டும் என்கின்றன. நடுவழியும் உண்டு: டி.எல்.எல். கோப்பை நிரலின் அருகிலேயே வைத்து அனுப்பலாம். விண்டோஸ் முதலில் நிரல் இருக்கும் உறையில்தான் தேடும்.

கண்காட்சியன்று நாங்கள் நிலை இணைப்பையே செய்தோம். கட்டளையில் ‘ஸ்டாட்டிக்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து மீண்டும் உருவாக்கியதும் நிரல் ஓடியது. நான்கு மேசைகளிலும் வெவ்வேறு வினாக்களுடன் நான்கு நிரல்கள்; மதிப்பெண் கணக்கிட நாங்களே எழுதிய ஒரு சிறு நூலகம் நான்குக்கும் பொது. மகிழ்ந்து போனோம். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

15 வினாக்களுக்கு 10 சரியென்றால் 66.67 விழுக்காடு, முழு எண்ணாக்கினால் 67 வர வேண்டும். எங்கள் நூலகம் பின்னத்தை வெட்டிவிட்டு 66 என்றது. பிழையைக் கண்டு நூலகத்தைத் திருத்தி, நிரல்களை மறுபடி உருவாக்கினோம். அவசரத்தில் மூன்றை மட்டும் மாற்றி, நான்காவது மேசையை மறந்துவிட்டோம். மாலையில் எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கையில் சீட்டுடன் வந்து நின்றாள். “அக்கா, நாங்க ரெண்டு பேரும் பத்துதானே சரியாச் சொன்னோம்? அவளுக்கு 67, எனக்கு மட்டும் ஏன் 66?” என்று கேட்டாள். அவள் கேள்வியில் நியாயம் இருந்தது. சீட்டைத் திருத்திக் கொடுத்து, அவளிடம் மன்னிப்பும் கேட்டோம்.

காலையில் சத்திரம் இல்லாமல் தவித்தோம்; மாலையில் கட்டுச்சோறு கெட்டுத் தவித்தோம். ஒரே நாளில் இரு பாடங்கள்! சிஸ்டர் கேட்ட கேள்விக்கு இப்போது எங்களால் பதில் சொல்ல முடியும்: தவறு அந்தக் கணிப்பொறியில் இல்லை, சிஸ்டர். எதைக் கையோடு கொண்டு போகிறோம், எதைப் பிறரிடம் எதிர்பார்க்கிறோம் என்று புறப்படும் முன் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

காலையில் நகர்ந்து சென்ற அந்தத் தாயார் சொன்னபடியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார். 15 வினாக்களுக்கும் விடையளித்து, 14 சரியாகச் சொன்னார். அவருக்குக் கிடைத்த 93 விழுக்காட்டை மட்டும் நாங்கள் தாளிலும் ஒருமுறை கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொண்டோம்.