படத்தின் பாதியைக் கேட்டு வாங்கியவர்கள்

டிவியில் சினிமா ஓடும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் எரிச்சல்படுபவர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அப்பா. "இவ்வளவு பெரிய டிவி வாங்கி, இடம் சும்மா கிடக்குதே. ஏதாவது பட்டனைத் தட்டி முழுசா வர வைடா" என்பார். சாஃப்ட்வேர் என்ஜினீயர் என்று பெயர் எடுத்துவிட்டால் டிவி ரிமோட்டுக்கும் நாம்தான் பொறுப்பு!

அந்தப் பட்டன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தட்டினால் படத்துக்கு என்ன ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தட்டுவது நல்லது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டிவிடி வாங்கியவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகக் கடைகளோடும் படக் கம்பெனிகளோடும் மல்லுக்கட்டினார்கள். "கறுப்புப் பட்டை உள்ள டிவிடிதான் வேண்டும், அதைக் கடையில் வையுங்கள்" என்பது அவர்கள் கோரிக்கை. கேட்கவே விநோதமாக இருக்கிறது அல்லவா? காரணத்தைப் பார்ப்போம்.

பழைய பிக்சர் டியூப் டிவியின் வடிவம் 4:3. அதாவது அகலம் 4 பங்கு என்றால் உயரம் 3 பங்கு. வகுத்தால் 1.33. ஆரம்பகால சினிமாவும் ஏறக்குறைய இதே வடிவம்தான். 1950-களில் அமெரிக்க வீடுகளில் டிவி புகுந்து தியேட்டர் கூட்டத்தைக் குறைத்தது. டிவியால் தர முடியாத ஒன்றைத் தர வேண்டும் என்று ஹாலிவுட் திரையை அகலமாக்கியது. 1953-ல் 'தி ரோப்' என்ற படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. சினிமாஸ்கோப் பின்னாளில் 2.35 என்ற விகிதத்தில் நிலைத்தது. ஸ்கோப் இல்லாத சாதாரண அமெரிக்கப் படங்களே 1.85-க்குப் போய்விட்டன.

இப்போது 2.35 அகலப் படத்தை 1.33 டிவிக்குள் எப்படி அடைப்பது? ஒரு வழி, அகலம் முழுவதையும் காட்டிவிட்டு மேலும் கீழும் வெற்றிடம் விடுவது. இதற்கு லெட்டர்பாக்ஸ் என்று பெயர். 20 இன்ச் டிவியின் திரை 16 இன்ச் அகலம், 12 இன்ச் உயரம் இருக்கும். அதில் சினிமாஸ்கோப் படத்துக்குக் கிடைப்பது 6.8 இன்ச் உயரம் மட்டுமே. மேலே 2.6 இன்ச், கீழே 2.6 இன்ச் கறுப்பு. காசு கொடுத்து டிவி வாங்கியவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

இன்னொரு வழி, உயரத்தை முழுசாக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் வெட்டிவிடுவது. இதற்குப் பெயர் பேன் அண்ட் ஸ்கேன். ஸ்டூடியோவில் ஒருவர் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி எந்தப் பகுதி முக்கியம் என்று முடிவு செய்து, அந்தச் சதுரத்தை மட்டும் டேப்பில் பதிவார். 2.35 படத்தில் இப்படி நூற்றுக்கு 43 பங்கு காணாமல் போகிறது. 2.76 விகிதத்தில் எடுக்கப்பட்ட 'பென் ஹர்' என்றால் பாதிக்கு மேல் போய்விடும். திரையின் இரு ஓரங்களிலும் நின்று இருவர் பேசினால் ஒருவர்தான் தெரிவார். இல்லையென்றால் அவரிடமிருந்து இவருக்குத் தாவ வேண்டும். டைரக்டர் ஒரே ஷாட்டாக எடுத்தது வீட்டில் நாலு ஷாட்டாகிவிடும். முன்பின் தெரியாத ஒருவர் படத்தை மறுபடி எடிட் செய்த மாதிரிதான் இது.

டைரக்டர்கள் இதற்கு எதிராகக் குரல் கொடுக்காமல் இல்லை. உடி ஆலன் தன் 'மன்ஹாட்டன்' படத்தின் வீடியோ 1980-களில் வந்தபோதே லெட்டர்பாக்ஸில்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்று சாதித்தார். சிட்னி போலக் தன் படத்தை வெட்டி ஒளிபரப்பியதற்காக டென்மார்க் டிவி மீது வழக்கே போட்டார். ஆனால் எல்லா டைரக்டருக்கும் அந்தச் செல்வாக்கு கிடையாது. வாடகைக் கடையில் கிடைத்த விஎச்எஸ் டேப்புகளில் மிகப் பெரும்பாலானவை வெட்டிய படங்கள்தான்.

கடைக்காரர் கணக்கு

1997 மார்ச்சில் அமெரிக்காவில் டிவிடி விற்பனைக்கு வந்தது. முதலில் வாங்கியவர்கள் சினிமாப் பைத்தியங்கள். அவர்கள் கேட்டது வைட் ஸ்கிரீன். கம்பெனிகளும் கொடுத்தன. சில டிவிடிகளில் ஒரு பக்கம் வைட் ஸ்கிரீன், திருப்பிப் போட்டால் மறுபக்கம் ஃபுல் ஸ்கிரீன். யாருக்கும் சண்டையில்லை.

பிளேயர் விலை இறங்கி எல்லா வீட்டுக்கும் டிவிடி போனபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. புதிதாக வந்தவர்கள் டேப் பார்த்துப் பழகியவர்கள். கறுப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு டிஸ்க் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பட்டைதான் படத்தை மறைக்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு. திரும்பி வரும் சரக்கு என்றால் எந்தக் கடைக்காரருக்கும் அலர்ஜி. எனவே கம்பெனிகள் வைட் ஸ்கிரீனுக்கு ஒரு டிவிடி, ஃபுல் ஸ்கிரீனுக்கு ஒரு டிவிடி என்று தனித்தனியாக விற்க ஆரம்பித்தன. அட்டைப்படம் இரண்டுக்கும் ஒன்றே. ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியில் எது என்று எழுதியிருக்கும். அவசரத்தில் தவறானதை எடுத்துவந்து பரிசாகக் கொடுத்தவர்கள் எத்தனை பேரோ!

ஒரே படத்துக்கு இரண்டு பெட்டி என்றால் அலமாரியில் இரண்டு இடம். கடைக்காரர் என்ன செய்வார்? அதிகம் போகும் என்று நினைப்பதை நிறைய வாங்குவார், மற்றதைக் கொஞ்சமாக வாங்குவார், அல்லது விட்டுவிடுவார். அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய வாடகைக் கடைச் சங்கிலியான பிளாக்பஸ்டர், இரண்டும் கிடைக்கும்போது ஃபுல் ஸ்கிரீனுக்கே முன்னுரிமை கொடுத்தது. வால்மார்ட் போன்ற பெரிய கடைகளிலும் குடும்பப் படங்கள் என்றால் ஃபுல் ஸ்கிரீன்தான் முன்னால் நின்றது. சின்ன ஊரில் இருப்பவருக்கு இந்தக் கடைகளை விட்டால் வேறு வழி ஏது? படம் எந்த வடிவில் வீட்டுக்குள் வரவேண்டும் என்பதை டைரக்டரும் தீர்மானிக்கவில்லை, பார்ப்பவரும் தீர்மானிக்கவில்லை. கொள்முதல் மேனேஜர் தீர்மானித்தார். என்னைக் கேட்டால் பிரச்சினையின் மையம் இதுதான்.

ரசிகர்கள் பல வழிகளில் முயன்றார்கள். கடை மேனேஜரிடம் நேரில் கேட்டார்கள். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். வைட் ஸ்கிரீன் இல்லையென்றால் வாங்காமல் திரும்பினார்கள். ஒரே படத்தின் இரண்டு வெட்டுகளை அருகருகே அச்சிட்டு, விடுபட்டது எது என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்கினார்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் பயன் தந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு படங்களை நேரில் பார்த்த பிறகு "முழுத்திரை" என்ற பெயரிலேயே ஒரு ஏமாற்று இருப்பது புரிந்துவிடும். திரை முழுசு, படம் அரைகுறை.

தெளிவாக வெற்றி கிடைத்தது ஒரு குழந்தைகள் படத்தில். 1971-ல் வந்த 'வில்லி வோங்கா அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி'க்கு 30 ஆண்டு நிறைவு டிவிடியை வார்னர் கம்பெனி 2001 ஆகஸ்ட் 28-ல் வெளியிட்டது. ஃபுல் ஸ்கிரீனில் மட்டும்! அதற்கு முன் வந்த பழைய டிவிடியில் இரண்டு வடிவமும் இருந்தன. சிறப்புப் பதிப்பு என்று சொல்லி இருந்ததையும் எடுத்துவிட்டால் சும்மா இருப்பார்களா? கண்டனம் குவிந்தது. கையெழுத்து சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 13-ல் வைட் ஸ்கிரீன் பதிப்பும் கடைக்கு வந்துவிட்டது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

வெட்டுவது எப்போதும் பக்கவாட்டில்தானா?

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. 1.85 விகிதப் படங்களில் பலவற்றைக் கேமரா ஏறக்குறைய 4:3 வடிவிலேயே பிடிக்கும். தியேட்டரில் மேலும் கீழும் மறைத்துத் திரையிடுவார்கள். அந்த மறைப்பை எடுத்துவிட்டு டிவிக்குக் கொடுத்தால், ஃபுல் ஸ்கிரீனில்தான் படம் கூடுதலாகத் தெரியும். அப்படியானால் அதுதானே நல்லது என்கிறீர்களா? 'பீ வீஸ் பிக் அட்வெஞ்சர்' படத்தில் ஒரு சைக்கிள் பெட்டியிலிருந்து முடிவே இல்லாமல் சங்கிலியை இழுத்துக்கொண்டே இருப்பார் கதாநாயகன். மறைப்பு இல்லாத பதிப்பில், பெட்டியின் அடியில் இருக்கும் ஓட்டை வழியாகச் சங்கிலி ஏறி வருவது தெரிந்துவிடும். ஜோக் அவ்வளவுதான். டைரக்டர் காட்டியது தெரிய வேண்டும், காட்டாதது தெரியக் கூடாது. கணக்கு சதுர இன்ச்சில் இல்லை.

இந்த முடிச்சு எம்ஜிஎம் கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தது. வைட் ஸ்கிரீனில் பக்கவாட்டில் கூடுதல் படம் கிடைக்கும் என்ற பொருளில் டிவிடி அட்டையில் விளக்கம் போட்டிருந்தார்கள். ஆனால் 1.85 படங்கள் பலவற்றில் அகலம் இரண்டு பதிப்பிலும் ஒன்றுதான் என்று வாடிக்கையாளர்கள் சார்பில் வழக்கு. 2005-ல் சமரசம் ஆனது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, அந்த டிவிடிகளை மாற்றித் தரவோ ஒன்றுக்கு 7.10 டாலர் கொடுக்கவோ கம்பெனி சம்மதித்தது. விளக்கத்தைச் சரியாக எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

பிக்ஸார் செய்தது எனக்குப் பிடித்த தீர்வு. 1998-ல் வந்த 'எ பக்ஸ் லைஃப்' முழுக்க கம்ப்யூட்டரில் செய்தது, 2.35 விகிதம். ஃபுல் ஸ்கிரீன் பதிப்புக்கு அதை வெறுமனே வெட்டாமல், பல காட்சிகளில் எறும்புகளை நெருக்கமாக நகர்த்தி வைத்து மறுபடி ரெண்டர் செய்தார்கள். டேட்டா கையில் இருந்தால் இது சாத்தியம். நடிகர்களை அப்படி நகர்த்த முடியாதே!

பிளேயர் மெனுவில் ஒளிந்திருப்பது

பழைய டிவிடி பிளேயரின் செட்டப்பில் 4:3 பிஎஸ், 4:3 எல்பி, 16:9 என்று மூன்று இருக்கும். பலர் இதைத் தொட்டதே இல்லை. டிவிடியில் படத்தின் அளவு அமெரிக்க முறையில் 720 x 480 புள்ளிகள். இதில் 4:3 கணக்கில் லெட்டர்பாக்ஸ் செய்தால் 2.35 படத்துக்கு 272 வரிகள்தான் மிஞ்சும். மற்றதெல்லாம் கறுப்பு. இதைத் தவிர்க்க அனமார்ஃபிக் என்ற முறை உண்டு. படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்துவிட்டு, பார்க்கும்போது 16:9-க்கு விரிப்பார்கள். அப்போது 363 வரிகள் கிடைக்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் துல்லியம். அகல டிவிக்கு 16:9 என்று வைத்தால் அத்தனை வரிகளும் அப்படியே வரும். 4:3 எல்பி என்றால் பிளேயரே படத்தைச் சுருக்கிப் பட்டை போட்டுக் கொடுக்கும். பிஎஸ் என்பது பேன் அண்ட் ஸ்கேன். அதற்கான குறிப்பு டிஸ்க்கிலேயே இருக்க வேண்டும். அப்படிச் செய்த கம்பெனிகள் மிகக் குறைவு.

நம் ஊரில் ஓடிய விசிடியில் இந்த வசதி கிடையாது. அதன் அளவே 352 x 288. சினிமாஸ்கோப் படத்தை லெட்டர்பாக்ஸில் போட்டால் 163 வரிகள்! முகம் எது, மரம் எது என்று தேட வேண்டும். உள்ளூர் கேபிள் சேனல்காரர்கள் மட்டும் கறுப்புப் பட்டையை வீணாக்காமல் நகைக்கடை விளம்பரம் ஓட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்கச் சண்டையை முடித்துவைத்தது கடையும் இல்லை, கோர்ட்டும் இல்லை. டிவியே அகலமாகிவிட்டது. 2006-ல் வந்த புளூ ரேயின் ஹைடெஃபனிஷன் படம் 16:9 தான். 2009 ஜூன் 12-ல் அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தின. ஃபுல் ஸ்கிரீன் டிவிடிகள் அலமாரியிலிருந்து மெல்ல இறங்கின.

ஆனால் கத்தரிக்கோல் ஓய்வு பெறவில்லை. இப்போது வெட்டுப்படுவது பழைய 4:3 படைப்புகள். 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது 'த சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனின் பழைய பகுதிகளை 16:9-க்கு மேலும் கீழும் வெட்டிக் கொடுத்தார்கள். திரையின் ஓரத்தில் இருந்த ஜோக்குகள் போய்விட்டன. ரசிகர்கள் விடவில்லை. 2020 மே மாதம் பழைய வடிவைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. 2021-ல் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த 'சைன்ஃபெல்ட்' தொடரில், சாலைப் பள்ளத்தை வைத்தே கதை சொன்ன ஒரு பகுதியில் அந்தப் பள்ளமே திரையில் இல்லாமல் போன காட்சி உண்டு. டிவிடி காலத்தில் இன்னொரு கடைக்காவது போகலாம். ஸ்ட்ரீமிங்கில் அவர்கள் வைத்திருக்கும் ஒரு பிரதிதான்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியவை சில. டிவியின் பிக்சர் மெனுவில் ஜூம், ஸ்ட்ரெச் போன்றவற்றை எடுத்துவிட்டு 16:9 வையுங்கள். ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்று ஏதாவது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பல டிவிகள் எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்திலும் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிடும். அது இதில் நின்றுவிடும். கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் என்றால் ஏ விசையைத் தட்டத் தட்ட விகிதம் மாறும், சி விசை வெட்டும். முகம் சப்பையாகவோ நீளமாகவோ தெரிந்தால் ஏ விசையைத் தட்டி 'டிஃபால்ட்' என்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். செல்போனில் யூடியூப் பார்க்கும்போது இரண்டு விரலால் விரித்தால் திரை நிறையும், ஓரம் வெட்டுப்படும். விரல்களைக் குவித்தால் வெட்டுப்பட்ட ஓரம் திரும்ப வந்துவிடும்.