சமவெளியின் வால்நட்: வாகை மரம்

மரவேலையில் உயர்வாக மதிக்கப்படும் வால்நட், அக்ரூட் பருப்பைத் தரும் மரமே ஆகும். கன மீட்டருக்குச் சுமார் 640 கிலோ எடையும், பழுப்பு நிறத்தில் ஓடும் கருவரிகளும், நன்கு உலர்ந்தபின் எளிதில் முறுக்கிக்கொள்ளாத இயல்பும் உடையதால், காஷ்மீரக் கைவினைஞர்கள் அதில் நுண்ணிய செதுக்கு வேலைகளைச் செய்கின்றனர். குளிர்ந்த மலைப்பகுதிகளுக்குரிய அம்மரம் திண்டுக்கல் சமவெளியின் வெயிலுக்கு ஏற்றதன்று. ஆனால், அங்குள்ள அகரம், தாடிக்கொம்பு போன்ற வறண்ட நிலப்பகுதிகளிலும் வளரவல்ல வாகையின் கட்டை, உலக மரச்சந்தையில் ‘கிழக்கிந்திய வால்நட்’ என்றும் ‘கொக்கோ’ என்றும் பெயர் பெற்று, அந்தமானிலிருந்து ஐரோப்பா வரை சென்றது.

தாவரவியலின்படி இரண்டும் உறவற்றவை. வாகை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தை வாகையென மயங்குவோர் உண்டு. தூங்குமூஞ்சியின் பூ இளஞ்சிவப்பு, காய் தடித்துக் கறுத்தது. வாகையின் பூ பசுவெண்மை, தட்டையான அதன் நெற்றுகள் காய்ந்து காற்றில் சலசலப்பவை.

வாகையை அறுத்தால், வெளிப்புறத்தில் வெளிர்மஞ்சள் வெளிறும், நடுவே கருவரி பாய்ந்த பழுப்பு வைரமும் தெளிவாகப் பிரிந்து தெரியும். வெளிறு மாவுச்சத்து மிக்கதாதலால் வண்டு எளிதில் துளைத்துவிடும். ஆகவே நிலைத்த பொருள்களுக்கு வைரப் பகுதியையே கொள்ள வேண்டும். இழைகள் அடுக்குக்கு அடுக்கு திசைமாறி முறுக்கி ஓடுவதால், இழைப்புளி ஒரு பக்கம் வழுவழுப்பாகச் செல்லும்போதே மறுபக்கம் நார் பிய்ந்து எழும். கூரிய அலகை மெல்லிய சீவல் வருமாறு ஓட்டுவதே இதற்குத் தீர்வு. அவ்வாறு இழைத்து மெருகேற்றிய பலகையில் அந்த முறுக்கே பட்டைப் பட்டையாக ஒளிரும். இதன் தூள் மூக்கை உறுத்தித் தும்மலை உண்டாக்குவதால், வேலை செய்வோர் முகத்தை மூடிக்கொள்வது நன்று.

நாற்காலி, மேசை, அலமாரி, கடைசல் பொருள்கள், வண்டிச் சக்கரம் ஆகியவற்றுக்கு இம்மரம் பயன்பட்டு வருகிறது. எள்ளையும் நிலக்கடலையையும் ஆட்டும் மரச்செக்கிற்கு வாகையைச் சிறப்பாகத் தேர்ந்தெடுப்பது தமிழகத்தின் வழக்கம்.

வேரில் வாழும் நுண்ணுயிர்களால் மண்ணுக்குத் தழைச்சத்தும், தழையால் ஆடுமாடுகளுக்குத் தீவனமும் அளிக்கும் இம்மரத்தை விறகாக வெட்டி எரிப்பது பெரும் இழப்பாகும். வீட்டுச் சாமான் செய்ய முனைவோர் தொலைதூர மரங்களைத் தேடுமுன் மரக்கடையில் வைரம் பாய்ந்த வாகையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நிலமுடையோர் வரப்போரம் சில வாகைக் கன்றுகளையேனும் நட்டு வளர்க்க வேண்டும்.